சக்கரத்தடியில் எலுமிச்சை

பிரேமலாவின் அம்மாவுக்கு,

பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை நான் ஒட்டிச் செய்த மாடல் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கை உடைத்தது நீதான். பசைகூடக் காயாத வண்டியின் சக்கரத்தடியில் கஸ்தூரி எலுமிச்சையை வைத்துத் தள்ளினால், உடையாமல் என்ன செய்யும்?

“மேசையில நிக்கிற வண்டிக்கு எதுக்குடி பூசை?” என்று கத்தினேன்தான். “மூணு மாசமா இதுகூடத்தானே குடும்பம் நடத்துறீங்க, திருஷ்டி கழிக்க வேணாமா?” என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மறுநாளே ஸ்கூடாய்க்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

ஃபோர்க்கை ஒட்டிவிட்டேன். யாரும் சொல்லித் தராமல் கற்றவனுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்க்கிறேன், வாசல்வரை போகிறேன், காய்ந்த பிரஷ்ஷோடு திரும்புகிறேன். டேங்க் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். மருமகன் சனிக்கிழமை உன்னைக் குளுவாங்கில் நம் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். வழியில் பிரேமலா எனக்காகப் பரிந்து பேசக் கூடாது. டேங்க் சிவப்பா, நீலமா என்று நீ சொல்ல வேண்டும். எலுமிச்சையை நானே பறித்து வைப்பேன். வண்டியைப் பிடித்துக்கொள்வது நான். மெதுவாகத் தள்ள வேண்டியது நீ.

தப்புச் செய்யாத
உன் வீட்டுக்காரன்