ஏழு துண்டாக வெட்டப்பட்டவன் எழுதுவது

இன்று காலை திருவேங்கடம் டவுன் பஸ்ஸில் நான் மறுபடியும் செத்தேன். இந்த வாரத்தில் இது நாலாவது சாவு. டிரைவர் உன் பாட்டைப் போட்டார். உன் பாட்டு என்றா சொன்னேன்? நீ கட்டியதை எடுத்து, சென்னையில் எவனோ சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுப் பாடி, நண்டு சிண்டெல்லாம் ஆடுகிற பாட்டு. "வெட்டு, வெட்டு" என்று ஸ்பீக்கர் அலற, கண்டக்டர் டிக்கெட் மிஷினை அரிவாளாக ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, டிக்கெட்டு!"

"செத்தவனுக்கு ஏது வே டிக்கெட்டு?"

பாட்டில் ஏழு துண்டாக விழுகிறவன் நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதுகூடப் போகட்டும். நீ பாடிய கடைசி அடி அதில் இல்லை. அதுதான் என்னை அறுக்கிறது.

என் வெள்ளாடு உன் மக்காச்சோளத்தில் வாய் வைத்த அன்று மூண்டதே, உலக யுத்தமெல்லாம் அதற்கு முன்னால் பல்லாங்குழி. நீ அரிவாளோடு வந்தாய். நான் கல்லை எறிந்தேன். உன் முன்பல் இரண்டும் ரத்தத்தோடு கரிசலில் விழுந்தன. அடுத்த வீச்சில் என் இடது காதில் பாதியைக் காணோம். "ஒன்னைய கண்டதுண்டமா அரியாம விடமாட்டேம்லே" என்று என் மார்பில் ஏறி உட்கார்ந்தாய். எலும்பு தட்டுகிறவரை உன் கட்டைவிரலைக் கடித்தேன். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். என் ரத்தத்தில் அந்தப் புஞ்சை மூன்று போகம் விளைந்தது என்பேன். ஆஸ்பத்திரியில் போட்டது ஏழு தையல். முந்தின நாள் வரை ஒரே வெற்றிலைப் பையில் கைவிட்டவர்கள் நாம்.

மறு வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் மேளத்தோடு மேடை ஏறினாய். ஏழு தையலை ஏழு துண்டாக்கினாய். என் தலையைச் சிவகிரி ரோட்டிலும் குடலை முள்வேலியிலும் போட்டாய். ஊரே விசிலடித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். அப்புறம் மேளத்தைக் கையமர்த்தினாய். பல் போன சந்தில் காற்று சீற, என்னையே பார்த்துப் பாடினாய்:

"வெட்டுன கைக்கு வேலையில்ல – இனி
வெத்தல மடிக்க ஆளுமில்ல."

மன்னிப்பு என்ற சொல் உன் பரம்பரைக்கே வராது. வந்தால் இப்படித்தான் வரும். அந்த நொடியே எனக்குப் புரிந்தது. புரிந்தும், சக்கரவர்த்தி மாதிரி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனேன். தீபாவளிக்குப் பேசலாம், பொங்கலுக்குப் பேசலாம் என்று ரோஷத்துக்குத் தீனி போட்டு வளர்த்தேன். போன பங்குனியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ஏழாவது துண்டோடு பாட்டு முடிந்ததும் இன்று பொறுக்கவில்லை. கம்பியைப் பிடித்து எழுந்து, கழுதையே மயங்கி விழுகிற குரலில் அந்தக் கடைசி அடியைப் பாடினேன்.

"இது பாட்டுல இல்லையே அண்ணாச்சி. யாரு பாடுனது?" என்றார் கண்டக்டர்.

"என்னைய வெட்டுனவன்."

அவர் என் காதைப் பார்த்தார். "அதுக்கு நீங்க என்ன சொன்னிய?"

அண்டப்புளுகு ஆயிரம் வைத்திருக்கிறவன் நான். இருந்தும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன்.

"ஏலே, எறங்கி வா, சாப்பிடப் போவோம்." அன்று மேடைக்கு முன்னால் நின்று இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது தினமும் சொல்கிறேன்.