நீ அனுப்பிய வாடிக்கைக்காரர்

ஜூன் 4

என் முரட்டுப் பயலுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். குத்துச்சண்டை மேடையில் ஏறி, ஐந்தாவது சுற்றில் விழு என்றால் விழுந்து, அதற்குக் கூலி வாங்குகிறவனிடம் என்ன நலம் விசாரிப்பது? போன தடவை உன் விலாவைத் தொட்டதற்கே கத்தினாய்.

இங்கே அம்மா, என்னை மருந்துக்கடைக்காரருக்குக் கொடுப்பதென்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சொந்தக் கடை, மாடி வீடு, அதிர்ந்து பேசாத மனுஷன். "காதல் வந்து வாடகை கட்டுமாடி?" என்கிறாள். அப்பா போனபின் வாடகை பாக்கிக்காக எங்கள் பாத்திரங்களைத் தெருவில் வீசினார்களே, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உன்மேல் எனக்கு உயிர். ஆனால் சொந்த வீடு இல்லாமல் வர மாட்டேன். அம்மாவிடம் மூன்று மாதம் தவணை கேட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் பல்லுக்காரி

ஜூன் 15

என் செல்லப் பல்லுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு முதலாளியிடம் போய், இனி விழ மாட்டேன் என்றேன். "ஜெயிச்சுக் காட்டு. வீட்டுக்கு முன்பணம் நான் கட்டுறேன்" என்றார்.

நேற்று ஜெயித்துவிட்டேன்! எதிரில் ஓர் இரும்புக்கடைக்காரன், என்னைவிட மூத்தவன். அவனும் விழுவதற்கென்று வந்தவன்தான், பாவம். முதல் குத்திலேயே அவன் உதடு கிழிந்தது. அந்த முகத்தில் உன் மருந்துக்கடைக்காரன் தெரிந்தான். அப்புறம் கை நிற்கவில்லை. மூக்கு உடைந்தது. தாடை நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. என் சட்டையில்லாத நெஞ்செல்லாம் அவன் ரத்தம். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். எல்லாம் உன்னை நினைத்துத்தான்.

ஒரு நல்ல காரியமும் செய்தேன். அவனுக்கு இப்போது முன்வரிசைப் பல்லே இல்லை. வீடு உங்கள் ஊர்ப் பக்கம்தானாம். நீ பல் கட்டும் கடையின் விலாசத்தைக் கொடுத்தேன். கூலியைக் குறைத்துக்கொள். பார், உனக்கு வாடிக்கைகூடப் பிடித்துத் தருகிறேன்!

உன் முரடன்

ஆகஸ்ட் 2

முரடா,

நீ அனுப்பியவர் வந்தார். தாடையில் கட்டிய கம்பியைப் போன வாரம்தான் எடுத்தார்களாம். அச்சு எடுக்க வாயைத் திறக்கச் சொன்னேன். என் விரல்கூட நுழையவில்லை. வலியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூட வந்த மனைவிதான் பேசினாள்.

"மண்டி போட்டுட்டாருங்க. வேண்டாம்னு கையத் தூக்கிக் காட்டினாரு. அதுக்கப்புறமும் தலையப் பிடிச்சுக்கிட்டு அடிச்சான், படுபாவி."

நீ இதை எழுதவில்லையே. பொய் என்று ஒரு வரி எழுது, நம்பிவிடுகிறேன். வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அடிதடியை விட்டுவிட்டு வா. வாடகை அறையில் இருந்துகொள்ளலாம்.

உன் பல்லுக்காரி

ஆகஸ்ட் 9

பல்லுக்காரிக்கு,

மண்டி போட்டான், உண்மைதான். மணி அடிக்கவில்லையே! நீ கேட்ட வீட்டுக்காக அடித்தேன். இப்போது என்ன புதிதாய் இரக்கம்? முன்பணம் கட்டியாயிற்று. மருந்துக்கடைக்காரனிடம் இல்லையென்று சொன்னாயா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் பக்கத்தில் அவனைப் பார்த்தேனானால், அவனுக்கும் நீதான் பல் கட்ட வேண்டியிருக்கும். இத்தனை அடி வாங்கியவனை விட்டுப் போகலாம் என்று நீயும் கனவு காணாதே.

உன் முரடன்

ஆகஸ்ட் 12

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மருந்துக்கடைக்காரரிடம் போன வாரமே இல்லையென்று சொல்லிவிட்டேன், உங்களோடு வாடகை அறைக்கு வருவதற்காக. அன்றிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்று இரும்புக்கடைக்காரர் பல் செட்டைப் பொருத்திப் பார்க்க வந்தார். அடித்தவன் யாருக்காக அடித்தான் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். ஓங்கி ஓர் அறை விட்டாள். காது இன்னும் இரைகிறது. பிறகு அவளே என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "இந்தக் கையி நாளைக்கு உன்மேல விழாதுன்னு என்னம்மா நிச்சயம்?" என்றாள். இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறேன். அவளும் சாட்சி சொல்ல வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானோ அம்மாவோ இங்கே இருக்க மாட்டோம்.

ஆசை இன்னும் போகவில்லை. அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது. இனி எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
பல் கட்டுபவள்