நாற்பத்தொன்றாவது படத்துக்குப் பிறகு

மார்ச் 9, திங்கள்

அக்கா குடியிருக்கும் கட்டிடத்தில் இன்று பதினைந்தாவது சுற்று. அடுத்த தெருவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து, மாதம் ஒருமுறை போய் அங்குள்ள ஐம்பத்திரண்டு விரிசல்களையும் படம் எடுப்பது என் வேலை. அளவுகோலை விரிசலுக்குக் குறுக்கே நேராகப் பிடித்து, எப்போதும் நிற்கும் தூரத்தில் நின்று, ஒன்றுக்கு ஒரு படம். அங்கே நின்று ஆராய்வதெல்லாம் கிடையாது. அலுவலகத்தில் கணினியில் பெரிதாக்கி, போன மாதப் படத்தோடு ஒப்பிட்டு அளவு எழுதுவோம். கண்ணை நம்பாதே, படத்தை நம்பு என்றுதான் பழக்கியிருக்கிறார்கள்.

கடைசிப் பதினொன்றும் அடித்தளத்துத் தூண்கள். பாதி விளக்கு எரியவில்லை. எலி வேறு. மளமளவென்று எடுத்துவிட்டு மேலே ஓடி வந்துவிட்டேன். அக்கா வீட்டில் சமையலறைக் கதவு ஒரு வாரமாகச் சாத்த வரவில்லையாம். தச்சரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மார்ச் 10

கேமரா கார்டைக் கணினியில் செருகினேன். நாற்பத்தொரு படங்கள் ஒழுங்காக இறங்கின. அதற்குப் பிறகு பச்சைக் கோடு அசையவில்லை. கழற்றி மறுபடி போட்டால், படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. கேமராவில் போட்டாலும் அதே கேள்வி. செய்தால் எல்லாம் அழிந்துவிடும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

மார்ச் 11

வேறு கேபிள், வேறு ரீடர், பக்கத்து மேசைக் கணினி. ஒன்றும் நடக்கவில்லை.

நாற்பத்தேழாம் எண், நடுத் தூண். அளவுகோலைப் பிடித்தது நான்தானே? எவ்வளவு காட்டியது? நினைவில்லை. முகத்துக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது, நினைவில்லை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மார்ச் 12

மேலாளரிடம் சொன்னேன். எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’ என்பார், அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். மறுபடி போய் எடுக்கிறேன் என்றேன். அடித்தளத்துச் சாவி வேண்டுமென்றால் கட்டிட உரிமையாளருக்குக் கடிதம் போட வேண்டும், பத்து நாள் ஆகும், அறிக்கையோ நாளைக்குப் போக வேண்டும் என்றார்.

“பதினாலு மாசமா ஒரு நூல்கூட நகரலையே. போன மாசப் படத்தை வெச்சிட்டு தேதியை மாத்திடு. அடுத்த மாசம் எடுக்கத்தானே போற.”

மார்ச் 13

வைத்தேன். பதினொன்றையும். மாற்றம் இல்லை, மாற்றம் இல்லை என்று பதினொரு முறை. கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீடு. மாடிப்படிக்குக் கீழே அறிவிப்புப் பலகையில் என் அறிக்கையை ஒட்டியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, உங்களால்தான் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தச்சர் இழைத்துவிட்டுப் போன கதவு மறுபடி பிடிக்கிறது. இப்போது அக்கா பிள்ளை குட்டியின் அறை ஜன்னலும். மரம் உப்பியிருக்கும் என்கிறாள் அக்கா. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. மரம் எப்படி உப்பும்?

கிளம்பும்போது அடித்தளத்துக்கு இறங்கிப் பார்த்தேன். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப்பக்கம் இருட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்திருக்கிறேன்.

மார்ச் 17

கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் அம்மாவிடம் கார்டைக் கொடுத்தேன். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணைதான் கெட்டிருக்கிறது, படங்கள் உள்ளேதான் இருக்கும் என்றாள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். அவசரம் என்றேன். எல்லாருக்கும் அவசரம்தான் என்றாள். என்ன அவசரம் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 18

அக்கா போன் செய்தாள். குளியலறை ஓடு ஒன்று தானாக வெடித்ததாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

பேருந்தில் எழுதுகிறேன்.

பதினொரு படமும் கிடைத்துவிட்டது. நாற்பத்தேழு — போன மாதம் இரண்டு மில்லிமீட்டர். இப்போது ஒன்பது. எடுத்தே பதினோரு நாள் ஆயிற்று. இன்று எவ்வளவோ.

மேலாளர், பதறாதே, திங்கட்கிழமை இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். தீயணைப்பு நிலையத்துக்கு நானே சொன்னேன். பிறகு அக்காவுக்கு.

“நீதானேடி ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்த?”

“அது பொய்க்கா. பழைய படத்தை வெச்சேன். குட்டியைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடு, எதையும் எடுக்காத.”

போனை வைத்துவிட்டாள்.

வந்துவிடுவாள். வர வேண்டும். இந்தச் சிக்னல் ஏன் இவ்வளவு நேரம்?

மார்ச் 30, திங்கள்

பத்து நாளாக எழுத முடியவில்லை.

அக்காவும் குட்டியும் என் அறையில்தான் இருக்கிறார்கள். அக்கா சமைக்கிறாள், எனக்கும் தட்டு வைக்கிறாள், பேசுவதில்லை.

அன்று வீடு வீடாக மணியடித்தேன். அறிக்கையில் இருப்பது பொய், எழுதினது நான்தான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். திட்டிக்கொண்டே இறங்கினார்கள். பத்தொன்பது குடும்பத்தில் பதினெட்டு. செயலாளர் மட்டும் வரவில்லை. அவர் மனைவியால் நடக்க முடியாது, தூக்கித்தான் இறக்க வேண்டும்.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்ததை நம்பவா, இப்ப வாசல்ல நின்னு சொல்றதை நம்பவாம்மா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். தீயணைப்புக்காரர்கள் அவர் வீட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்தபோது, மூன்று பத்துக்கு, நடுத் தூண் உடைந்து கட்டிடம் சரிந்தது. ஏறியவர்கள் அடிபட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரியில். அவர் இல்லை.

இன்று காலையில் மேலாளர் கூப்பிட்டார். கார்டு திறக்கவே இல்லை என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, விசாரணை அலுவலகத்துக்குப் போய்க் கார்டை மேசைமேல் வைத்தேன்.

அதிகாரி நாற்பத்தேழாம் எண்ணுக்கு அறிக்கையில் இருந்த படத்தையும் கார்டில் இருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எடுத்த தேதியைக் கேட்டார். ஒன்பதாம் தேதி என்றேன்.

“இவ்வளவு பெருசா பிளந்திருக்கு. எடுக்கும்போது உங்க கண்ணுல படலையாம்மா?”

“நான் அளவுகோலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் சார். நேரா இருக்கான்னு.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.