நான் மாற்றிச் சொன்ன முடிவு

நேற்று மத்தியானம் பேத்தி கட்டிலுக்கு மூட்டைப்பூச்சி மருந்து அடித்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் வெளியே ஓடிவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். திண்டிவனம் சினிமாக் கொட்டாயில் பொம்பளைங்க பக்கத்துப் பெஞ்சுக்கு அடிப்பார்களே, அதே வாசனை. ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் என் இடது தோள் மட்டும் சில்லென்று இருந்தது. நீ எப்போதும் இடது பக்கம்தான் உட்காருவாய்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அஞ்சாவதோடு நின்ற கையெழுத்து, பொறுத்துக்கொள்.

இப்போது மத்தியானமானால் டிவியில் நாம் பார்த்த தொண்ணூறுகளின் படங்கள்தான். பேத்தி எம்.எஸ்ஸி. படிக்கிறாள், எங்கள் வகையறாவிலேயே முதல் ஆள். அவளே என்னிடம் வந்து எந்தப் படம் நல்லாயிருக்கும் ஆயா என்று கேட்கிறாள். நானும் விடுவதில்லை. பெண்டாட்டியை அறைந்தால் கொட்டாயே விசிலடித்த படங்கள் எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. படம் முழுக்க அவளை அழவைத்துவிட்டு, கடைசியில் புருஷன் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பனிமலையில் மெல்லிசுப் புடவை கட்டி ஆடவிட்டது இன்னொரு கூத்து. அந்தப் பொண்ணுக்குக் குளிராதா என்று நீதான் கேட்டாய். என் ஓட்டு பேய்ப் படத்துக்குத்தான். அந்தக் காலத்துப் படங்களில் பொம்பளை நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டது அதில்தான். அதற்கும் அவள் முதலில் செத்தாக வேண்டும்.

"செத்தப்புறம் கேட்டு இன்னா பிரயோஜனம்க்கா?" என்பாய்.

அந்தக் கிணற்றுப் பேய்ப் படத்துக்கு நாம் குடும்பப் படம் என்று நினைத்துத்தான் போனோம். நீ மரக்காணத்துப் பக்கம் வாழப்போன வீட்டிலிருந்து அடிபட்டு, நம்ம வீதிக்கு, அம்மா வீட்டுக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் கூப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். படத்திலும் அதே கதை. கோபித்துக்கொண்டு வந்த பொண்ணைக் கூப்பிட, புருஷன் பூவோடு கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அவள் வாசற்படியில் கால் வைக்கிறாள். அதோடு கொட்டாயில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஒரே படப்பெட்டியை விழுப்புரத்திலும் நம்ம ஊரிலும் மாற்றி மாற்றி ஓட்டிய காலம் அது. அங்கே ஓடி முடிந்த ரீல் பஸ்ஸில் ஏறி இங்கே வர வேண்டும். அன்றைக்கு பஸ் விக்கிரவாண்டி தாண்டி நின்றுபோனது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கடைசி ரெண்டு ரீல் வரவே இல்லை. மறுநாள் வேறு படம் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்கள். எல்லாரும் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். நீ மட்டும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வண்டி ஏறினாளா இல்லியா, ஏறினப்புறம் இன்னா ஆச்சு, அதைத் தெரிஞ்சிக்கினுதான் நான் முடிவு பண்ணுவேன்" என்றாய். சினிமாவைப் பார்த்து யாராவது வாழ்க்கையை முடிவு பண்ணுவார்களா என்று உன்னைத் திட்டினேன்.

"எனக்கு வேற யாருக்கா சொல்லப் போறாங்க?"

மறுநாளே விழுப்புரத்தில் என் அக்கா வீட்டு விசேஷம். அங்கே இன்னும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். அவள் வண்டி ஏறினாள். ஊர் எல்லைக் கிணற்றில் தண்ணி குடிக்கலாம் என்று நிறுத்தினான். தள்ளிவிட்டான். அதற்கப்புறம் ஈரப் புடவையோடு தினமும் அந்தக் கிணற்றுக் கட்டையில் வந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை திரும்பி வந்தேன். வீதிப் பொம்பளைகள் கதை கேட்க உன் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதில் என்னை மிஞ்ச அந்த வீதியில் ஆளில்லை, அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு உன் அம்மா கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நல்லதாகச் சொல்லேன் என்று அவள் கண் கெஞ்சியது. கிணறு வரைக்கும் படத்தில் பார்த்தபடியே சொன்னேன். அதற்கு மேல் என் வாய் தானாகத் திரும்பிவிட்டது. "தண்ணி மொண்டு, தான் குடிக்கல. முதல்ல அவளுக்குக் குடுத்தான். திருந்திட்டான்."

"குடுத்தானா?" என்று ஒருதரம் கேட்டாய். குடுத்தான் என்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் அவரோடு போய்விட்டாய்.

ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் நின்றால் சாவுச் சேதியோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எதுவும் வரவில்லை. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு நல்லபடியாக வந்தாய், அந்த முடிவை இன்னொருதரம் சொல்லச் சொன்னாய். அதற்கப்புறம் எல்லா ஆடிக்கும் கேட்டாய். கண்ணை இமைக்காமல் என் வாயையே பார்ப்பாய். பாவி, இன்னும் நம்புகிறாளே என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே சொல்வேன்.

உன் காரியத்துக்கு வந்தபோது, சாப்பாடு முடிந்ததும் உன் வீட்டுக்காரர் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுப் போனார். முடியெல்லாம் வெளுத்து, ஆளே சுருங்கியிருந்தார். கிணற்றடியில் நின்று, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"வந்த பத்தாம் நாளே எங்க கொட்டாயில அந்தப் படம் போட்டாங்க. இட்டுக்கினு போனேங்க. முடிவு வரைக்கும் உக்காந்து பார்த்தா. வந்ததும் இங்க நின்னுக்கினு, தண்ணி மொண்டு குடுன்னா. குடுத்தேன். அக்கா சொன்ன முடிவு இது, அங்க பார்த்தது அது, உனக்கு எது வேணுமோ நீயே எடுத்துக்கோன்னா. அதுலருந்து தினம் பொழுது சாயறப்ப இங்க வந்து நிப்பா. நான் மொண்டு குடுப்பேன். அதுக்கப்புறம் கை நீட்டல அக்கா. அவ கண்ணைப் பார்த்தா எனக்குப் பயம்."

நீ பத்தாம் நாளே தெரிந்துகொண்டாயா? தெரிந்துகொண்டுதான் இத்தனை ஆடிக்கும் என்னைச் சொல்லவைத்தாயா?

கிணற்றுக் கட்டையில் ஒரு சொம்புத் தண்ணி தட்டுப் போட்டு மூடியிருந்தது. இப்பவும் சாயங்காலம் வைக்கிறேன், காலையில பார்த்தா காலி என்றார். காக்கா குடிச்சிருக்கும் என்றேன்.

"மூடிதான வைக்கிறேன்?"

அப்புறம், அந்த முடிவை ஒருதரம் என் வாயால் சொல்லச் சொன்னார். வெயில் தாழ்ந்திருந்தது. ரெண்டு பேரும் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தோம். வண்டி, பூ, கிணறு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தண்ணி மொள்ளுகிற இடம் வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக நகர்ந்து எனக்கு இடது பக்கம் இடம் விட்டார், யாரோ வந்து உட்காருகிற மாதிரி. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன்.

இப்போது பேத்தி எந்தப் படத்தைக் கேட்டாலும் பார்த்தபடியே சொல்கிறேன், கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அந்த ஒரு படத்தை மட்டும் உள்ளபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய்.