‘காத்திருக்கலாம்’ பட்டியல்

மார்ச் 4

காலையில் பாதி நகரத்துக்கு மின்சாரம் போய், பதினொரு மணிக்குத் திரும்பியது. திரும்பியதுதான் தொல்லை. கைபேசிக் கோபுரங்கள் உயிர்பெற்றதும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் மைய சர்வரைத் தட்டின. கைபேசி மட்டுமா? தண்ணீர் மீட்டர், கேமரா, கடைகளின் அட்டை இயந்திரம் — ‘நான் வந்துவிட்டேன், பதிவு செய்’ என்று அத்தனையும் சேர்ந்து கேட்டால் சர்வர் படுத்துவிடும், மனிதர்கள் பேச முடியாது. யார் உள்ளே வருவது, யார் நிற்பது என்று பிரிப்பது என் வேலை. மீட்டர்களில் உள்ள சிம்களின் எண் வரிசையை அப்படியே ‘காத்திருக்கலாம்’ பட்டியலில் தள்ளினேன். இருபது நிமிடம் கழித்து வா என்று அவற்றுக்குப் பதில் போகும்.

சுமை மளமளவென்று இறங்கியது. எதற்கும் ‘ஆகட்டும்’ என்பதால் மேலாளருக்கு எங்களிடையே ஆகட்டும் சார் என்று பெயர். அவர் என் முதுகில் தட்டாத குறை. ‘பாதிப்பு இல்லை’ என்று அறிக்கை எழுதி முடித்தபோது மணி 11.53. அக்காவின் கைப்பட்டையிலிருந்து அபாய அழைப்பு.

மார்ச் 5

பிழைத்துவிட்டாள். முன்பல் உடைந்து, நெற்றியில் நான்கு தையல். வலிப்பு வந்து விழுந்தால் அந்தப் பட்டை தானாகவே எனக்குச் செய்தி அனுப்பும். அதை நம்பித்தான் அக்கா தனி வீட்டில் இருக்க அம்மா ஒத்துக்கொண்டாள்.

“தளர்வா மாட்டியிருப்பே. அதான் நேரத்துக்கு வேலை செய்யலை” என்றாள் அம்மா.

“கொஞ்சம் தளர்வாத்தாம்மா போட்டிருந்தேன்” என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அழைப்பு வந்து பத்தே நிமிடத்தில் நான் போய்விட்டேனே. தரையில் ரத்தம் எப்படி அதற்குள் காய்ந்திருக்கும்?

மார்ச் 6

அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.

11.12 — அக்காவின் பட்டை கேட்டது. பொறு.
11.32 — கேட்டது. பொறு.
11.53 — உள்ளே வா.

ஐயோ. பட்டைகளுக்கும் மீட்டர்களுக்கும் ஒரே எண் வரிசையில் சிம் கொடுத்திருக்கிறார்கள். பிரிச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே. பொறுன்னு சொன்னது நான்தான்.

மார்ச் 9

அக்காவின் துணிமணி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது. மாதக் கடைசியில் அவள் வீட்டைக் காலி செய்கிறார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13

சொல்லவில்லை.

மார்ச் 17

குளியலறை வாசலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். “தாழ்ப்பாள் போடாதே.” உள்ளே முப்பத்தாறு வயது அக்கா. “சரிம்மா.” எவருக்கும் அடங்காத வாய் அது!

எனக்குத்தான் வாய் வரவில்லை. எதற்குப் பயம் — வேலைக்கா, அக்காவின் முகத்துக்கா? இரண்டுக்கும்தான். அதே வரிசையில் இன்னும் முந்நூற்றுப் பதினொரு பட்டைகள் இருக்கின்றன. நாளை மறுபடி மின்சாரம் போனால்?

மார்ச் 18

முதல் வேலையாகப் பட்டைகளை மட்டும் பிரித்து முன்வரிசையில் வைத்தேன். பிறகு ஆகட்டும் சார் மேசையில் பதிவேடு.

“யாரும் புகார் கொடுக்கலையேம்மா?”

“தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கா சார். எங்கக்கா.”

அவர் ஆகட்டும் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை கட்டுப்பாட்டு அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை.

மாலையில் அக்காவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அழுதாள். அக்கா பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இத்தனை நாளா தாழ்ப்பாள் போடாம குளிச்சேன்டி. நீ ஹால்ல உக்காந்து டீ குடிச்சே.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 30

விசாரணை இன்னும் முடியவில்லை. அக்கா வீட்டைக் காலி செய்யவில்லை. இன்று துணிமணியோடு அங்கேயே திரும்பிவிட்டாள். பெட்டி தூக்க என்னைக் கூப்பிட்டாள். அதுவே பெரிது.

பட்டையை இறுக்கி மாட்டி, சோதித்துப் பார்க்க அழுத்தினாள். என் போன் அடிக்கவில்லை. மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா வீட்டில் போன் மணி அடித்தது.

“முதல் நம்பர் அவங்க. நீ ரெண்டாவது.”

“சரிக்கா.”

“அவங்க எடுக்கலைன்னாதான் உனக்கு வரும். அதுவரைக்கும் பொறு.”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன்.