முதல் முறை ஏன் நின்றது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பா நேற்றிலிருந்து தானாக எழுந்து உட்கார்கிறார், சாப்பாட்டில் உப்பே இல்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது, ஸ்விட்ச் உன் கையிலதானேம்மா இருந்துச்சு, அப்பாவுக்கு ஏன் முதல்ல கொடுக்கல என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். சித்தப்பா உன்னிடம் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவருக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் கேட்டுவிட்டுத் திட்டு.

அன்று மதியம் இரண்டேகாலுக்கு எங்கோ ஒரு பெரிய மின்பாதை அறுந்து, அந்தச் சுமை தாங்காமல் ஒவ்வொரு மின்நிலையமாக நின்று, கடைசியில் எங்கள் அணை மின்நிலையமும் நின்றது. கட்டுப்பாட்டு அறையில் மின்விசிறி ஓய்ந்ததுமே எனக்கு அப்பா டயாலிசிஸில் படுத்திருப்பதுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், ஜெனரேட்டர் கிளம்பவில்லை, நர்ஸ் இயந்திரத்தைக் கையால் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள்.

முப்பது வருஷமாக நான் செய்யும் வேலையைப் பற்றி நீ கேட்டதே இல்லை, இப்போது கேள். நிலக்கரி எரிக்கும் பெரிய நிலையம் ஒருமுறை நின்றுவிட்டால் தானாக எழுந்திருக்காது, அதன் பம்புகளும் விசிறிகளும் சுற்றவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். எங்களுக்கு அது தேவையில்லை. மேலே அணையில் தண்ணீர் நிற்கிறது, அறையில் பேட்டரி இருக்கிறது, தண்ணீர் வாயிலைத் திறக்கத் தொட்டியில் அழுத்தி வைத்த எண்ணெய் இருக்கிறது. அதனால் எல்லோரும் விழுந்தால் முதலில் எழவேண்டியது நாங்கள்தான். ஆனால் அந்த எண்ணெய் இரண்டு முறை திறக்கத்தான் வரும்.

அந்த முதல் முறையை நான் வீணாக்கினேன். வாயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அன்று அப்பா முகம்தான் கண்முன் நின்றது, மளமளவென்று திறந்துவிட்டேன். இயந்திரம் கண்மண் தெரியாமல் சுற்றவே, பாதுகாப்புக் கருவி அதை நிறுத்திவிட்டது. நாங்கள் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடும் எங்கள் ஃபிட்டர் இருக்கிறாரே, ஒரு நட்டைக் கழற்ற ஒரு காலைப்பொழுது எடுப்பவர், அவர் பக்கத்தில் வந்து, மெதுவா மேடம், இன்னொன்னுதான் இருக்கு என்றார். எல்லாவற்றையும் சரிபார்த்து மறுபடி ஆரம்பிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாம் முறை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன், முள் சரியான வேகத்தைக் காட்டும் ஐம்பதில் வந்து நின்றது.

அப்போதுதான் தலைமைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, முதலில் நிலக்கரி நிலையத்துக்கு அனுப்பு என்றார்கள். அதன் கொதிகலன் ஆறிவிட்டால் நாலு மாவட்டத்துக்கு இரண்டு நாள் மின்சாரம் கிடையாது, எத்தனையோ ஆஸ்பத்திரிகள். அப்பாவின் ஆஸ்பத்திரி இருக்கும் நம் ஊர் முழுவதையும் ஒரேயடியாக ஏற்றியிருந்தால் இயந்திரம் திணறி நின்றிருக்கும், மூன்றாம் முறை என்பது கிடையாது. நம் ஊர் ஸ்விட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. சித்தப்பா சொன்னது இதைத்தான், இதற்காக நான் வெட்கப்படவில்லை கண்ணு. அடுத்த பதினைந்தாவது நிமிஷம் ஊருக்கும் கொடுத்தேன். அதற்குள், டயாலிசிஸ் பாதியில் நின்றதால், அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டிவிட்டது, அதன் பிறகுதான் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள்.

நான் வெட்கப்படுவது அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்கு. அவருக்காக ஓடப்போய் அவரையே காக்க வைத்துவிட்டேன். பதிவேட்டில் முதல் முறை நின்றது என்று மட்டும் இருக்கிறது, காரணம் எழுதும் இடம் காலி. திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறார்கள், என் கையாலேயே எழுதிக் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லியாகவேண்டும். அவர் இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எம்பொண்டாட்டிதான் ஊருக்கே கரண்ட் கொடுத்தா என்று பெருமை அடிக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவிடம் சொல்கிறேன். அந்த நேரம் போன் போடு. திட்டுவதற்கென்றாலும் சரி, தனியாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அம்மா