கம்பி கட்டிய வாய்

உப்பிலியபுரம்
5.8.2024

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் தாடையைத் தவிர இங்கு எல்லோரும் சௌக்கியம். நீ போனில் கேட்பதற்கெல்லாம் "ம்ம்" சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பட்டன் போனில் எழுத்து அடிக்க என் விரல் வளையாது. அதனால்தான் இந்தக் காகிதம். நீயும் காகிதத்திலேயே பதில் போடு.

நம் செவலை மாடு உதைத்து ஒரு மாதம் ஆகப் போகிறது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருப்பதால் கஞ்சித் தண்ணீர், மோர், மறுபடி கஞ்சித் தண்ணீர். உன் அம்மா குழம்பு தாளிக்கிற நேரம் நான் களத்துப் பக்கம் போய்விடுகிறேன். வெங்காய மண்டியில் என் வாய்க்கு எதிர்வாய் கிடையாது என்பது உனக்கே தெரியும். இப்போது வருகிறவனெல்லாம், நான் திருப்பிப் பேச முடியாது என்ற தைரியத்தில் எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போகிறான். கூண்டுக் கிளியையாவது பேச விடுவார்கள்.

சீழ் பிடித்து எலும்பை எடுத்த இடம் காலியாக இருக்கிறது, இடுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி அங்கே வைக்க வேண்டும் என்கிறார் தென்னூர் டாக்டர். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். பெற்ற மகள் எலும்பு வளர்க்கும் சிமென்ட் கண்டுபிடித்துப் பேப்பரில் படம் வந்திருக்கும்போது இடுப்பை ஏன் வெட்ட வேண்டும்? அந்தப் பேப்பரை அவரிடமே காட்டினேன். உன் சிமென்ட் எப்போது தயாராகும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா வீரமலை

ஸ்ரீரங்கம்
9.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதினாலும் பேசுவது போலத்தான் இருக்கிறது. சிரித்தேன், அப்புறம் கஷ்டமாகிவிட்டது.

நான் செய்வது இதுதான். பவுடரில் திரவம் ஊற்றிக் குழைத்தால் கல்லாக இறுகும். வெறுமனே இறுகினால் எலும்புச் செல்கள் மேலே உட்காருமே தவிர உள்ளே இறங்காது. அதனால் மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைக் கலக்கிறேன். செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு பரவுகின்றன. ஜெலட்டின் மெல்லக் கரைந்து விடுகிற இடத்தில் புது எலும்பு வர வேண்டும்.

இந்தச் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி மாற்ற வேண்டும். தவறினால் செத்துவிடும். அதனால்தான் ஊருக்கு வர முடியவில்லை. அறையை விட்டால் லேப், லேப்பை விட்டால் அறை. ராஜகோபுரத்தைப் பஸ் ஜன்னலில் பார்ப்பதோடு சரி.

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் அப்பா. என் சிமென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்.

உங்கள் மகள்,
கலைமதி

உப்பிலியபுரம்
14.8.2024

அன்பு மகளுக்கு,

உதைத்ததும் மாடு, ஒட்டவைக்கப் போவதும் மாடா? செவலைக்கு எதிரில் போய் நின்று உன் கடிதத்தை ஆட்டிக் காட்டினேன். அது பாட்டுக்கு அசைபோட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

நீ சொன்னது புரிகிறது. இறுகிய மண்ணில் வேர் இறங்காது. எரு போட்டால் மண் பொலபொலத்து வேர் பிடிக்கும். அதைத்தானே செய்கிறாய்? இதற்கு எதற்கு இத்தனை வருஷப் படிப்பு?

கொஞ்ச நாள் என்று எழுதியிருந்தாய், அது போதும். இந்த மாதத்துக்குள் எலும்பு வைக்காவிட்டால் உடைந்த முனைகள் இழுத்துக்கொண்டு முகம் கோணிவிடுமாம், பேச்சும் குழறுமாம். என் மகள் அதற்குள் முடித்துவிடுவாள் என்று டாக்டருக்கு எழுதிக் காட்டிவிட்டேன். மண்டி முழுக்கத் தெரியும். உன் அம்மாதான் அழுகிறாள். அவளுக்கு உன்மேல் நம்பிக்கை அவ்வளவுதான்.

அன்புடன்,
அப்பா

ஸ்ரீரங்கம்
18.8.2024

அப்பா,

என் சிமென்ட்டை உங்கள் தாடையில் வைக்க முடியாது. இந்த மாதம் மட்டுமல்ல, இன்னும் பல வருஷத்துக்கு முடியாது. இப்போதைக்குத் தட்டில்தான் செல் வளர்கிறது. ஒரு எலிக்குக்கூட வைத்துப் பார்க்கவில்லை.

பேப்பர்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். எலும்பு வளர்க்கும் சிமென்ட் என்று அவர் போட்டுவிட்டார். செவலை உதைப்பதற்கு முன், பேப்பர் வந்த அன்றைக்கு நீங்கள் போனில், "பாப்பா, மண்டியில ஆளாளுக்குப் பேப்பர் வாங்கிட்டுப் போறாங்க" என்று சொன்னீர்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எப்படி மறுத்துச் சொல்வது? உங்கள் வாயைக் கட்டியது டாக்டர். என் வாயைக் கட்டியது உங்கள் சந்தோஷம்.

எருப் போட்ட மண் என்றீர்கள். அந்த மண்ணில் வரப்பு நிற்குமா? ஜெலட்டினைக் கூட்டினால் செல் நன்றாகப் பரவுகிறது, மெஷினில் வைத்து அழுத்தினால் சிமென்ட் உதிர்கிறது. குறைத்தால் கெட்டியாக நிற்கிறது, செல் உள்ளே இறங்க மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். நீங்கள் ஒரு கடலை மென்றால் அது பொடியாகிவிடும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. எந்த முகத்தோடு மண்டி வழியாக நடந்து வருவேன்?

இடுப்பிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் சொந்த எலும்பில் உயிர் இருக்கிறது. என்னை நம்பி உங்கள் முகம் கோணிப்போனால் இந்த லேப்பில் மறுபடி நான் கால் வைக்க மாட்டேன்.

கலைமதி

உப்பிலியபுரம்
23.8.2024

அன்பு மகள் கலைமதிக்கு,

நாளை தென்னூரில் சேர்கிறேன். இந்தக் கடிதத்தை அம்மா உன் கையில் தரும்போது நான் மயக்கத்தில் இருப்பேன். செல்களுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தால் போதும் என்று உனக்குப் போனில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. கத்த வாய் இல்லாததால் அது உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தானே படுத்துவிட்டது. மண்டியில் கேட்டார்கள். வாயைக் காட்டினேன். கம்பி கட்டியதில் அந்த ஒரு லாபம்.

இடுப்பில் எடுக்கிற இடத்தில் பள்ளம் விழுமாம். அது முழுசாக மூடாது, ஆனால் நடக்கத் தொந்தரவு இருக்காது என்றார் டாக்டர். அதில் எதையும் அடைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பள்ளம் உனக்கு. அங்கே கடலை மெல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் உதிர்ந்தாலும் குற்றமில்லை. எலி, முயல் எல்லாம் முடித்துக்கொண்டு வந்து நிரப்பு. பத்து வருஷம் ஆனாலும் ஆகட்டும், நான் எங்கே போகப் போகிறேன்?

அன்புடன்,
அப்பா வீரமலை